ஒரு கிளாஸ் எலுமிச்சை நீர்: எதைத் தரும், எதைத் தராது?

(கோடைகாலச் சுகாதார விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் நமது மின்னிதழின் உள்ளடக்க எழுத்தாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சிறு தலைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன.)



முதலில் ஒரு சின்னக் கேள்வி. "காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால்..." என்று ஆரம்பிக்கும் மெசேஜ் இதுவரை வராதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்க.

ஒருத்தர் கூட தூக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். குடும்ப குரூப்பில் வந்திருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப்பில் வந்திருக்கும், பள்ளித் தோழர்கள் குரூப்பில் மூன்று முறை வந்திருக்கும். தொப்பை குறையும், ரத்தம் சுத்தமாகும், கல் கரையும், சர்க்கரை இறங்கும், புற்றுநோய் செல் சாகும் என்று ஒரு பட்டியலே அதில் இருக்கும். கடைசி வரி மட்டும் மாறாது: "குறைந்தது பத்து பேருக்கு அனுப்புங்கள்."

நான் மருத்துவர் இல்லைங்க. இதழியல் படித்துவிட்டு அரசுத் தகவல்களை மக்களுக்குப் புரியும்படி எழுதும் வேலையில் இருக்கிறேன். அதனால் வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. எலுமிச்சை நீரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை எவை, மிகைப்படுத்திச் சொல்லப்படுபவை எவை, யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பிரித்துச் சொல்லப் போகிறேன்.

கிளாஸுக்குள் என்ன இருக்கிறது?

நம்ம ஊரில் எலுமிச்சை என்றாலே பலருக்குத் தென்காசி மாவட்டம் புளியங்குடி ஞாபகம் வரும். அங்கே வியாபாரமே இந்தப் பழத்தை நம்பித்தான். அந்தச் சின்ன, உருண்டையான, மெல்லிய தோல் கொண்ட பழத்தை ஆங்கிலத்தில் லைம் என்பார்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் லெமன் என்று வருவது பெரும்பாலும் இதைவிடப் பெரிய, நீள்வட்டமான மஞ்சள் பழம். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் அளவில் வித்தியாசம் உண்டு. "இரண்டு லெமன்" என்று ஒரு வீடியோவில் சொன்னால், நம்ம ஊர்க் கணக்கில் அது நாலு பழமாகக்கூட இருக்கலாம்.

ஒரு பழத்தில் சுமார் 15 முதல் 30 மில்லி சாறு கிடைக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம். கொஞ்சம் பொட்டாசியம், சிறிதளவு வைட்டமின் சி. எவ்வளவு சிறிது? நம்ம ஊர்ப் பழச்சாறு 100 மில்லியில் சுமார் 30 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். அப்படியென்றால் ஒரு பழத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயது வந்த ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம். காலையில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, இன்றைக்கான வைட்டமின் சி கணக்கு முடிந்தது என்று நினைத்தால் சரிவராது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காயிலும் அப்படித்தான். தெருமுனைத் தள்ளுவண்டியில் விற்கும் கொய்யாவுக்கு யாரும் வீடியோ போடுவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கப்பலில் நடந்த சோதனை

எலுமிச்சைக்கு இவ்வளவு பெயர் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும், பல் ஆடும், பழைய காயம் மறுபடி திறந்துகொள்ளும், கடைசியில் உயிரே போகும். ஸ்கர்வி என்பது அந்த நோய்க்குப் பெயர். 1747ஆம் ஆண்டு சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், இந்த நோய் கண்ட 12 பேரை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு மருந்து: வினிகர், கடல்நீர், ஆப்பிள் மது என்று. ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும். ஆறு நாளில் பழம் சாப்பிட்டவர்கள்தான் எழுந்து நின்றார்கள். இருந்தும், பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பல்களிலும் எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது 1795இல்தான்.

கதை அங்கே முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே கடற்படை லெமனை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறியது. அதில் வைட்டமின் சி குறைவு. பதப்படுத்தி, மாதக்கணக்கில் சேமித்து வைத்ததில் இருந்ததும் போய்விட்டது. புட்டியில் சாறு இருந்தும் துருவப் பயணம் போனவர்களுக்கு மறுபடி ஸ்கர்வி வந்தது.

இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. வைட்டமின் சி குறைபாட்டால் வரும் நோயை எலுமிச்சை குணப்படுத்தியது உண்மை. குறைபாடே இல்லாதவருக்கு வந்த வேறு நோயையும் அது குணப்படுத்தும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. இன்னொன்று, பிழிந்து நாள்கணக்கில் வைத்த சாறும் அப்போது பிழிந்த சாறும் ஒன்றல்ல. எலுமிச்சை சாதம் செய்யும்போது அடுப்பை அணைத்த பிறகுதான் நம்ம வீடுகளில் சாறு ஊற்றுவார்கள். கசக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது. சூட்டில் அழியக்கூடிய வைட்டமின் சி-யும் அதனால் ஓரளவு தப்பிக்கிறது.

சளி பிடிக்காமல் தடுக்குமா என்றும் கேட்பீர்கள். தினமும் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் வைட்டமின் சி எடுத்துக்கொண்டவர்களை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போனது, அவ்வளவுதான். அந்த 200 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 20 எலுமிச்சை வேண்டும்!

இரும்புச்சத்துக்கு உண்மையான துணை

எலுமிச்சை நிஜமாகவே கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளைப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவர் என்ற கணக்கு.

கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. வைட்டமின் சி கூடவே சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு கூடும். முருங்கைக்கீரைப் பொரியலிலோ சுண்டலிலோ அரை மூடி எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவதில் இப்படி ஒரு பலன் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் குடிப்பதைவிட, மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பது இந்த விஷயத்தில் மேல்.

இதே இடத்தில் டீயும் காபியும் எதிராளி. சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அதிலுள்ள டேனின் வகைப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தினம் ஒன்று வீதம் குறைந்தது 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. "மாத்திரை குமட்டுது, அதனால எலுமிச்சை ஜூஸும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. எலுமிச்சையில் இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது இரும்பை உள்ளே அழைத்துப் போகும் துணைதான். அழைத்துப் போக ஆளே இல்லையென்றால் துணைக்கு என்ன வேலை? குமட்டல் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகோ இரவிலோ எடுக்கச் சொல்வார்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கர்ப்பக் காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. இதில் விளையாட்டுக்கு இடமில்லை.

சிறுநீரகக் கல்: பாதி உண்மை

"எலுமிச்சை கல்லைக் கரைக்கும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது.

சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட் வகை. சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட், சிறுநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு அது படிகமாவதைத் தடுக்கிறது. சிறுநீரில் சிட்ரேட் குறைவாக உள்ள நோயாளிகளுக்கு எலுமிச்சைச் சாறு குடிக்கும்படி மருத்துவர்கள் சொல்வதும் உண்டு. ஆனால் ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவைக் கவனியுங்கள்: ஒரு நாளைக்குச் சுமார் 120 மில்லி சாறு. நம்ம பழத்தில் ஐந்தாறு பழம்! அதையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். அந்த இரண்டு லிட்டர் தண்ணீருக்கே பலனில் பெரும் பங்கு உண்டு.

ஏற்கெனவே உருவாகிவிட்ட கால்சியம் கல்லை இது கரைத்துவிடாது. புதிதாக வராமல் தடுக்க உதவலாம், அவ்வளவுதான். இடுப்பு வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ எலுமிச்சையைத் தேடிப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் சிறுநீரகமே பாழாகிவிடும்.

கொழுப்பு, நச்சு, காரம், புற்றுநோய்

இனி, அதிகம் சுற்றும் நாலு விஷயங்களைப் பார்ப்போம்.

கொழுப்பைக் கரைக்குமா? எலுமிச்சைக்குக் கொழுப்பை உருக்கும் சக்தி கிடையாது. சர்க்கரை போடாத ஒரு கிளாஸில் 10 கலோரிக்குள்தான் இருக்கும். நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் குளிர்பானத்தையோ சர்க்கரை போட்ட காபியையோ விட்டுவிட்டு இதைக் குடித்தால், அந்தக் கலோரி மிச்சமாகும். எடை குறைந்தால் அதற்குக் காரணம் விட்டொழித்த சர்க்கரைதான்.

நச்சை வெளியேற்றுமா? அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இருபத்து நாலு மணி நேரமும் செய்கின்றன. அவற்றுக்குப் போதிய தண்ணீர் வேண்டும். எலுமிச்சை போட்டால் சிலருக்குத் தண்ணீர் ருசித்து இறங்கும், அந்த வகையில் நல்லதுதான்.

உடம்பைக் காரத்தன்மைக்கு மாற்றுமா? நம் ரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை மட்டுமே இருக்க வேண்டும். நுரையீரலும் சிறுநீரகமும் அதைக் காவல் காக்கின்றன. ஒரு கிளாஸ் ஜூஸ் அந்தக் காவலைத் தாண்டி எதையும் மாற்றாது. மாற்றினால்தான் ஆபத்து.

புற்றுநோயைக் கொல்லுமா? கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. அதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. கொரோனா இரண்டாவது அலையின்போது, 2021இல், மூக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் வைரஸ் செத்துவிடும் என்று ஒரு வீடியோ வந்தது ஞாபகம் இருக்கும். ஒன்றிய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அதற்கு ஆதாரமில்லை என்று அப்போதே அறிவித்தது. அறிவிப்பு போய்ச் சேர்ந்த வீடுகளைவிட வீடியோ போய்ச் சேர்ந்த வீடுகள்தான் அதிகம்.

மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து

"ஒரு எலுமிச்சம்பழம்தானே, குடித்தால் என்ன ஆகிவிடப் போகுது?" என்று கேட்கலாம். குடிப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குடிக்கிறோம் என்ற தைரியத்தில் எதை நிறுத்துகிறோம் என்பதுதான் பிரச்சினை.

எங்கள் பெரியம்மாவுக்கு அறுபது வயது, ரத்தக்கொதிப்பு உண்டு. போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, மூன்று வாரமாக மாத்திரையை விட்டுவிட்டுக் காலையில் எலுமிச்சையும் தேனும் குடித்து வந்திருக்கிறார். "உடம்பு லேசா இருக்கு" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ரத்த அழுத்தம் பார்த்தபோது 180க்கு 110. மாத்திரை அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அந்த அக்கா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எலுமிச்சையைக் குடிங்கம்மா, நான் வேணாம்னு சொல்லல. மாத்திரையையும் போட்டுக்குங்க. அது வேற வேலை பண்ணுது, இது வேற" என்றார். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். பக்கவாதம் வந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒருவர் வந்து கதவைத் தட்டியதால் பெரியம்மா தப்பினார்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம் அது. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வருகிற மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டும் இல்லையா? ரத்தக்கொதிப்புக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. அதனால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதை வைத்து மாத்திரையை நிறுத்த முடியாது.

சர்க்கரை நோயாளிகளுக்கும் இதையேதான் சொல்வேன். சோறு, ரொட்டி போன்ற மாவுச்சத்து உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது உணவுக்கு நல்ல துணை. மெட்ஃபார்மினுக்கும் இன்சுலினுக்கும் மாற்று ஆகாது.

பல்லுக்கு என்ன ஆகும்?

பலரும் கவனிக்காத கெடுதல் பல்லில்தான் நடக்கிறது.

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு சுமார் 2 முதல் 3 வரை. கடுமையான அமிலம். வாயில் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினாலே பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் இருந்து தாதுக்கள் கரைய ஆரம்பிக்கும். எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும், தேய்ந்த எனாமல் மட்டும் மறுபடி வளராது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், பல் மஞ்சளாவது, ஓரம் மெலிவது என்று மெதுவாகத்தான் தெரியும்.

ஒரு கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிடுவதைவிட, பாட்டிலில் எலுமிச்சைத் துண்டுகளைப் போட்டு அலுவலக மேஜையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிப்பதுதான் பல்லுக்கு அதிகக் கெடுதல். ஒவ்வொரு மடக்குக்கும் வாய் மறுபடி அமிலமாகிறது. அதைச் சரிசெய்ய உமிழ்நீருக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். நிறையத் தண்ணீர் கலந்து குடியுங்கள். முடிந்தால் ஸ்ட்ரா வைத்துக்கொள்ளுங்கள். குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் போகட்டும். பல் வெள்ளையாகும் என்று எலுமிச்சைத் தோலால் பல் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

யாரெல்லாம் யோசித்துக் குடிக்க வேண்டும்?

நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு, குறிப்பாக வெறும் வயிற்றில், இது தொந்தரவைக் கூட்டலாம். குடித்த பிறகு நெஞ்சு எரிந்தால் உங்கள் உடம்பே பதில் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண் இருக்கும் நாட்களிலும் தவிர்க்கலாம்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குத் தண்ணீரின் அளவே கணக்கு. அதோடு, அலுமினியம் கலந்த வயிற்று அமில மருந்துகள் சில உண்டு. அவற்றோடு சிட்ரேட் சேர்ந்தால் உடம்பில் அலுமினியம் அதிகமாக ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களால் அதை வெளியேற்ற முடியாது.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எலுமிச்சையும் தேனும் குழைத்து நாக்கில் தடவும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தேன் அந்த வயதுக் குழந்தைக்கு ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள், பச்சிளம் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கலாம். பாட்டி சொன்னாலும் அன்பாக மறுத்துவிடுங்கள்.

முகத்துக்கு எலுமிச்சை தடவுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் கொப்புளமும், வாரக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரலாம். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு வேதிப்பொருள் சூரியனின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து செய்யும் வேலை அது. மூட்டை மூட்டையாகப் பழம் பிழிகிற ஜூஸ் கடைத் தம்பிமார் கையைக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போவது நல்லது.

சர்க்கரையும் உப்பும்

வெளியே வாங்கும் ஒரு கிளாஸ் லெமன் ஜூஸில் மூன்று நாலு தேக்கரண்டி சர்க்கரை சாதாரணம். ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிளாஸிலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது. வெல்லம், பனங்கற்கண்டு, தேன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். "தேன்தானே" என்ற சலுகை சர்க்கரை நோயாளிக்குக் கிடையாது.

சால்ட் சோடா குடிப்பவர்களுக்கு: ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாய், அப்பளம், சாம்பார் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்புப் போடாமல் கேட்டு வாங்குங்கள்.

வெயிலில், வயிற்றுப்போக்கில்

கத்திரி வெயிலில் எலுமிச்சை நீர், நீர்மோர், பானகம் எல்லாமே நல்ல பழக்கம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு வெறும் லெமன் ஜூஸ் போதாது. இழந்த உப்பையும் தண்ணீரையும் சரியான விகிதத்தில் திருப்பித் தருவது ஓ.ஆர்.எஸ். கரைசல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். குழந்தைகளுக்கு அதோடு 14 நாள் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பாக்கெட் கைக்கு வரும் வரை, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கலாம். ருசிக்குச் சில சொட்டு எலுமிச்சை விடலாம். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது.

கடையில் வாங்கும்போதும் கவனம். உலக சுகாதார நிறுவனத்தின் விகிதப்படி இல்லாத இனிப்புப் பானங்கள் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெட்டியின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்க எழுத்தைப் படியுங்கள்.

தெருவோரத்தில் குடிப்பதென்றால் பழத்தைவிட ஐஸையும் தண்ணீரையும் பாருங்கள். மீன் பதப்படுத்தச் செய்யும் ஐஸ் கட்டி குடிக்கும் கிளாஸில் விழுந்தால் டைபாய்டும் மஞ்சள்காமாலையும் கூடவே வரும். சந்தேகம் இருந்தால் ஐஸ் இல்லாமல் கேளுங்கள். சுகாதாரக் குறைவைக் கண்டால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம்.

வீட்டில் கலக்கும்போது எவர்சில்வர், கண்ணாடி அல்லது மண்பாத்திரம் போதும். செம்பு பாட்டிலில் எலுமிச்சை நீரை ஊற்றி வைக்காதீர்கள். அமிலம் செம்பை அரித்து நீரில் கலக்கும். குமட்டலும் வயிற்றுவலியும் வரும்.

அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி

அடுத்த முறை இப்படி ஒரு மெசேஜ் வந்தால், விரல் பகிர்வு பட்டனுக்குப் போவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, இதில் அளவு சொல்லியிருக்கிறதா, யாருக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறதா? இரண்டு, "ஒரு பிரபல மருத்துவர்" என்று மொட்டையாக இருக்கிறதா, இல்லை தேடினால் கிடைக்கும் ஆதாரம் இருக்கிறதா? மூன்று, இதைப் படிப்பவர் மருந்தை நிறுத்திவிட வாய்ப்பு இருக்கிறதா? மூன்றாவதற்கு ஆம் என்று தோன்றினால் அனுப்பவே வேண்டாம். சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் பேசலாம். அவசரத்துக்கு 108. சமூக ஊடகத்தில் சுற்றும் அரசு தொடர்பான செய்திகளில் ஐயம் இருந்தால், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்தின் சமூக ஊடகப் பக்கங்களைப் பாருங்கள்.

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். உடம்புக்கு ஒத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு பழம் அல்லது இரண்டு பழம். நிறையத் தண்ணீர், சர்க்கரை இல்லாமல் அல்லது கொஞ்சமாக. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்துக்குத் துணை. குடித்ததும் வாய் கொப்பளிப்பு. மருத்துவர் எழுதிய மாத்திரை ஒன்றுகூட இதற்காக நிற்கக் கூடாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராக இருந்தாலும் அவர்கள் மாத்திரை அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை சரியாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள். அந்தக் காரணம் ஒரு வீடியோவாகக்கூட இருக்கலாம்.